ஹபிள் இருக்க நமக்கெதற்கு என்பவர்களுக்கு

சந்திரயான் என்றால் கொங்கு நாட்டில் எல்லோருக்கும் நெஞ்சு நிமிரும். கோதவாடியில் பிறந்து, பொள்ளாச்சியில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி.யிலும் பட்டம் வாங்கிய மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநராக இருந்தவர். மங்கள்யானையும் ஊர்க் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வார்கள். அதே அண்ணாதுரை பெங்களூரில் இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்த காலத்தில், 2015 செப்டம்பர் 28 அன்று, அந்த மையத்தில் உருவான ஒரு விண்வெளி ஆய்வகம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. ஆஸ்ட்ரோசாட் என்று பெயர். நிலவுக்கும் போகாது, செவ்வாய்க்கும் போகாது. பூமியைச் சுற்றிக்கொண்டே விண்மீன்களைப் பார்க்கும். இதைச் சொன்னால் பெருமைக்குப் பதில் கேள்விதான் வருகிறது: “அமெரிக்காக்காரன் ஹபிள்னு ஒண்ணு வச்சிருக்கான், அதுக்கு மேல ஜேம்ஸ் வெப்பும் வந்திருச்சு. அப்புறம் நம்மளுது என்னத்தைங்க புதுசாப் பார்க்கப் போகுது?”

டீக்கடையில் மட்டும் கேட்கும் கேள்வியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தொழிலதிபர்கள் கூடும் மேடைகளிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் இதே கேள்வி கொஞ்சம் மெருகேறி வருகிறது. வானிலை, தகவல் தொடர்பு, நிலவளம் ஆகியவற்றுக்குச் செயற்கைக்கோள் விடுவது நம் வேலை, விண்மீன் ஆராய்ச்சியை வசதியுள்ள நாடுகள் பார்த்துக்கொள்ளட்டும், அவர்கள் எடுக்கும் படம் எப்படியும் நமக்கும் கிடைக்கத்தானே போகிறது என்கிறார்கள். இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர்களே தலையாட்டுகிறார்கள் என்பதுதான் கவலை. விண்தொலைநோக்கி பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்பதும், பெரியது ஒன்று மேலே இருக்கும்போது சிறியதற்கு வேலை இல்லை என்பதும்தான் இந்தப் பேச்சின் இரண்டு கால்கள். முதல் காலை ஒடிக்க அதிக நேரம் ஆகாது.

ஆஸ்ட்ரோசாட்டுக்கு ஆன செலவு என்று அப்போது சொல்லப்பட்டது சுமார் 178 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தின் நீளம் 10.1 கிலோமீட்டர், செலவு 1,791 கோடி. வகுத்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் விண்வெளி ஆய்வகம், அந்தப் பாலத்தில் ஒரு கிலோமீட்டர். பத்தாண்டில் பணத்தின் மதிப்பு மாறியிருக்கிறது, ராக்கெட்டுக்கும் தரைநிலையத்துக்கும் தனிச் செலவு உண்டு என்று கணக்குத் தெரிந்தவர் மறிப்பார். சரி, இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மூன்று என்றே வையுங்கள். பாலம் தேவைதான், உப்பிலிபாளையம் சிக்னலில் நின்றவர் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் மூன்று கிலோமீட்டர் பாலத்தின் செலவில் முடிகிற ஒரு காரியத்தை நாட்டை ஓட்டாண்டியாக்கும் ஊதாரித்தனம் என்று பேசுவது கணக்கு வழக்கில் பேர்போன ஊருக்கு அழகில்லை.

தண்ணீருக்கு வழி பார்க்காமல் ஆகாயத்தைப் பார்ப்பதா என்பதும் இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக அறுபது ஆண்டுகள் ஏங்கிய மண்ணுக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. 2024 ஆகஸ்டில் 1,916 கோடி ரூபாயில் அந்தத் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அது ஏன் தள்ளிப்போனது என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரு தொலைநோக்கியால் தள்ளிப்போனது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஆகாயத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் பவானி ஆற்று உபரி நீர் ஒரு நாள் முன்னதாகக் குளத்துக்கு வந்திருக்காது.

இந்த இடத்தில் விக்ரம் சாராபாயைத் துணைக்கு அழைப்பார்கள். வளரும் நாடு நிலவுக்கும் கோள்களுக்கும் போட்டி போட வேண்டியதில்லை, மக்களின் பிரச்சினைக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னது உண்மைதான். அதைச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? 1947இல் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கொடுத்த முனைவர் பட்டம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்கு. அதே ஆண்டு அகமதாபாத்தில் அவர் தொடங்கிய ஆய்வகம் முதலில் கையில் எடுத்ததும் அதைத்தான். அவர் மாணவர் யு.ஆர். ராவும் காஸ்மிக் கதிர்க்காரர். 1975இல் ராவ் தலைமையில் உருவான முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவில் ஏற்றிய கருவிகளில் ஒன்று எக்ஸ்-கதிர் வானியலுக்கானது. மின் வழங்கலில் கோளாறு வந்து சில நாட்களில் நின்றது வேறு விஷயம். நிலத்தைப் படம்பிடிக்கும் பாஸ்கரா செயற்கைக்கோள்களுக்குத் திட்ட இயக்குநராக இருந்த கஸ்தூரிரங்கன் ஆய்வுப் பட்டம் வாங்கியது உயர் ஆற்றல் வானியலில். விவசாயிக்குப் பயன்படும் செயற்கைக்கோளை இந்த நாட்டுக்குச் செய்துகொடுத்தவர்கள் வானத்தைப் பார்த்துப் பழகிய கைகளோடு வந்தவர்கள். மரத்தை வெட்டிவிட்டுக் கனியை மட்டும் வைத்துக்கொள்வோம் என்பவர்கள் சாராபாய் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இனி இரண்டாவது கால். இதில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள், ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கிறது. ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். வெப்பின் ஆடி 6.5 மீட்டர். ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் இருப்பது முப்பத்தேழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழல்கள். பெரிய ஆடி அதிக ஒளியைச் சேர்க்கும், நுட்பமாகப் பார்க்கும். அப்படியானால் சிறியது எதற்கு?

விண்ணில் எதற்காகத் தொலைநோக்கியை வைக்கிறோம் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்வி தானாகத் தளர்ந்துவிடும். நட்சத்திரத்துக்குக் கிட்டே போவதற்காக வைக்கவில்லை. ஆஸ்ட்ரோசாட் சுற்றும் உயரம் 650 கிலோமீட்டர்; கோவையிலிருந்து சென்னை போய், அதற்கும் அப்பால் கொஞ்ச தூரம். சூரியனை விட்டால் மிக அருகில் உள்ள நட்சத்திரம் நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 650 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றைத் தாண்டுவதுதான் நோக்கம். காற்று இரண்டு வேலை செய்கிறது. ஒளியை அலைக்கழித்துப் படத்தைக் கலங்கடிக்கிறது, அது முதலாவது. இதற்குத் தரையிலேயே ஓரளவு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவதற்கு மருந்தே இல்லை. சுமார் 300 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை ஓசோன் விழுங்கிவிடுகிறது. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் மேல் காற்றிலேயே மடிந்துவிடுகிறது. மலை உச்சியில் நூறு மீட்டர் ஆடியைக் கட்டினாலும் தரைக்கு வராத ஒளியைப் பிடிக்க முடியாது.

வரும் ஒளிக்குத் தரையிலேயே கருவி வைத்து நாம் சாதித்த கதை கோவைக்கு மேலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கு ஏறினால் முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் இயங்கத் தொடங்கியது. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததில்தான் சூட்சுமம். இடம் பூமத்திய ரேகைக்குச் சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. சரிவும் வடக்கு தெற்காக அதே 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, ஒரே அச்சில் திருப்பினால் ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். வெளிநாட்டில் இருந்த பெரிய கிண்ணங்களோடு போட்டி போடாமல், நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியை வைத்து அதன் உருவத்தை அளக்கும் வழியை ஸ்வரூப் தேர்ந்தெடுத்தார். தூரத்து ரேடியோ மூலங்களின் கோண அளவுகள் அதிலிருந்து கிடைத்தன. பேரண்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறதா என்ற அன்றைய பெரிய வாதத்தில் நீலகிரி அளவுகளும் சாட்சி சொல்லின. அன்றும் இங்கிலாந்தில் பெரியது இருந்தது, ஆஸ்திரேலியாவில் பெரியது இருந்தது. “அவன் வச்சிருக்கான், நமக்கெதுக்கு” என்று ஸ்வரூப் உட்கார்ந்துவிடவில்லை. அந்தத் தைரியத்துக்குத் தலையாட்டும் நாம் அதையே 650 கிலோமீட்டர் உயரத்தில் செய்தால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

சிறிய கருவி சுற்றுப்பாதையில் என்ன செய்யும் என்பதற்கு உலக வரலாறும் இருக்கிறது. ஸ்புட்னிக்குக்குப் பதினோரு ஆண்டுகள் முன்னதாக, 1946இலேயே, லைமன் ஸ்பிட்ஸர் விண்ணில் தொலைநோக்கி வைத்தால் என்னென்ன கிடைக்கும் என்று ஓர் அறிக்கை எழுதினார். ஹபிள் மேலே போக 1990 ஆனது. அந்த 44 ஆண்டுகளும் பெரிய கருவிக்காக எல்லோரும் கைகட்டிக் காத்திருந்தார்களா என்ன? 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு ஒரு சிறு ராக்கெட்டில் எக்ஸ்-கதிர் உணர்விகளை வைத்து அனுப்பியது. காற்றுக்கு மேலே அது பார்த்தது ஐந்தாறு நிமிடம். தேடியது நிலவிலிருந்து வரும் எக்ஸ்-கதிரை. அகப்பட்டதோ விருச்சிக ராசியில், அப்படி ஒரு மூலம் இருக்கும் என்று யாரும் நினைக்காத ஒன்று. 1970இல் கென்யக் கடலோரத்திலிருந்து போன உஹுரு செயற்கைக்கோளின் எடை ஏறத்தாழ 140 கிலோ. ஆஸ்ட்ரோசாட்டில் பத்தில் ஒரு பங்கு. அது 339 எக்ஸ்-கதிர் மூலங்களைப் பட்டியலிட்டது. கருந்துளை என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமே என்றிருந்த நிலையை மாற்றிய சிக்னஸ் எக்ஸ்-1 விவகாரம் சூடுபிடித்ததும் அதனால்தான். ஜக்கோனிக்கு 2002இல் நோபல் கிடைத்தது. ஹபிள் எத்தனையோ வேலை செய்யும் இந்தக் காலத்தில், 2018இல் அதே அமெரிக்கா டெஸ் என்று ஒன்றை அனுப்பியது. அதன் நான்கு கேமராக்களின் லென்ஸ் விட்டம் பத்து சென்டிமீட்டர் சொச்சம். வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களை நூற்றுக்கணக்கில் அது காட்டிக்கொடுத்திருக்கிறது. ஹபிளைக் கட்டியவர்களே “ஹபிள் இருக்கிறதே” என்று சும்மா இருக்கவில்லை.

கணபதியிலும் குறிச்சியிலும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து இறக்குமதி செய்த பெரிய சி.என்.சி. எல்லா வேலையும் செய்யும். ஆனால் ஒரே ஒரு பாகத்தை நாள் முழுக்கச் செய்ய வேண்டுமென்றால் அதற்கென்றே எஸ்.பி.எம். என்ற தனிவேலை இயந்திரம் ஒன்றைக் கட்டுவார்கள், அது செய்யும் அந்த ஒரு வேலையில் பெரிய மெஷின் அதற்குப் பக்கத்தில் வராது. பெரிய மெஷின் இருக்கிறதே என்று எஸ்.பி.எம். ஆர்டரைத் திருப்பி அனுப்பிய முதலாளியை நான் பார்த்ததில்லை.

இனி ஆஸ்ட்ரோசாட் செய்ததைப் பார்ப்போம். 2016 அக்டோபரில் அதன் புற ஊதாத் தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு பகுதியை 28 மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தது. ஹபிள் ஏற்கெனவே பலமுறை சலித்தெடுத்த பகுதி அது. மனிதர் எடுத்ததிலேயே மிக ஆழமான படங்களுக்குப் பேர்போன இடம். தரவை அலசிச் சரிபார்க்கப் புணேயில் உள்ள ஐயுகா நிறுவனத்தின் கனக் சாகா தலைமையிலான குழுவுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆனது. 2020 ஆகஸ்டில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் முடிவு வெளிவந்தது. 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து, ஹைட்ரஜன் அணுவை உடைக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்ட புற ஊதா ஒளி தப்பித்து வந்திருக்கிறது. அதே மண்டலத்தின் அந்த ஒளியை ஹபிள் காணவில்லை.

எப்படி? ஒளி மிக மங்கல். துளித்துளியாக வரும் ஒளித்துகளை எண்ண வேண்டுமென்றால், ஆடி எவ்வளவு பெரியது என்பதோடு உணர்வி எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதும் முக்கியம். ஆஸ்ட்ரோசாட்டின் உணர்வியில் பின்னணி இரைச்சல் ஹபிளின் கருவிகளைவிட மிகக் குறைவு. பூமத்திய ரேகைக்கு ஆறு பாகை மட்டுமே சாய்ந்த சுற்றுப்பாதையைத் தேர்ந்ததற்கும் இப்படிப்பட்ட காரணம்தான்: தென் அட்லாண்டிக் மேலே மின்துகள்கள் அடர்ந்திருக்கும் பகுதியின் உள்ளே போகாமல் பெரும்பாலும் ஒதுங்கிப் போகலாம். பேரண்டத்தின் தொடக்கத்தில் எங்கும் நிறைந்திருந்த ஹைட்ரஜன் மூட்டத்தை எந்த ஒளி கலைத்தது என்பது இன்றைய வானியலின் தலையாய கேள்விகளில் ஒன்று. இளம் விண்மீன் மண்டலங்களிலிருந்து இந்த வகை ஒளி வெளியே தப்ப முடியுமா என்பது அந்தக் கேள்வியின் மையம். அதற்கான ஒரு சான்று, ஹபிள் ஆடியில் ஆறில் ஒரு பங்கு விட்டமுள்ள குழலிலிருந்து, ஹபிள் பார்த்துச் சலித்த அதே வானத்திலிருந்து வந்தது. “புதுசா என்னத்தைங்க பார்க்கப் போகுது” என்ற கேள்விக்கு வேறு பதில் தேவையா என்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒன்று மட்டும் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். அந்தத் தொலைநோக்கியின் மூடி 2015 நவம்பர் 30 அன்று திறந்தது. மூலக்கூறு அளவுக்கு எண்ணெய்ப் படலம் ஆடியில் ஒட்டினாலே புற ஊதா ஒளி செத்துவிடும், அதனால் செயற்கைக்கோளிலிருந்து கசியும் வாயுக்கள் அடங்க இரண்டு மாதம் பொறுத்திருந்து திறந்தார்கள். தொடக்கத்திலேயே பார்த்தது என்ஜிசி 188 என்ற கிழட்டு நட்சத்திரக் கூட்டத்தை. அங்கே வயதுக்குப் பொருந்தாத இளமையோடு நீலமாக மினுங்கும் ஒரு நட்சத்திரத்தின் அருகில், புற ஊதாவில் மட்டும் துலங்கும் சூடான துணை ஒன்று இருப்பதை அன்னபூரணி சுப்ரமணியம் குழு 2016இல் காட்டியது. துணையிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு இளமையான நட்சத்திரம். சூடான துணைகளை இப்படித் தனியே பிரித்துக் காட்டக் கூர்மையும் வேண்டும், அகலமும் வேண்டும். ஆஸ்ட்ரோசாட்டின் பார்வைப் புலம் ஏறக்குறைய முழுநிலவு அளவு. ஹபிளின் முதன்மைக் கேமரா ஒரு தடவையில் பார்க்கும் வானத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். அதற்கு முன் புற ஊதாவில் அகலமாக வானத்தை அளந்த அமெரிக்காவின் கேலக்ஸைவிடப் படத்தின் கூர்மை சுமார் மூன்று மடங்கு. செயற்கைக்கோள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். வினாடிக்கு ஏறத்தாழ 29 முறை படமெடுத்து, ஒவ்வொன்றிலும் ஆட்டத்தை அளந்து, தரையில் திருத்தி அடுக்கி அந்தக் கூர்மையை வரவழைக்கிறார்கள்.

ஹபிள் இதைவிடப் பல மடங்கு கூர்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹபிளின் நேரத்துக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். 1995 டிசம்பரில் அதன் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் தன் சொந்த ஒதுக்கீட்டு நேரத்தில் பத்து நாள் வெற்றிடம் போலத் தெரிந்த வானத்தைப் பார்த்தபோது, வீண் வேலை என்று சக அறிஞர்களே தடுத்தார்கள். அந்தப் படத்தில் மூவாயிரம் விண்மீன் மண்டலங்கள் வந்து விழுந்தன. கருவியை வைத்திருப்பவனுக்குத்தான் இப்படிப்பட்ட அசட்டுத் துணிச்சலுக்கு உரிமை. வரிசையில் நின்று நேரம் கேட்பவன், நிச்சயம் பலன் தரும் கேள்வியை மட்டுமே எழுதிக் கொடுக்க முடியும். அவர்கள் எடுக்கும் படம் நமக்கும் கிடைக்கும் என்பவர்கள் மறப்பது இதைத்தான். கிடைக்கும், ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கான படம்.

நண்டு வடிவ நெபுலாவின் நடுவில் சுழலும் துடிவிண்மீனை ஆஸ்ட்ரோசாட்டின் இன்னொரு கருவி நீண்ட நேரம் பார்த்து, அதன் உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர்கள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதைச் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தது. 2017இல் வந்த அந்த முடிவு அன்றைக்கிருந்த விளக்கங்களோடு ஒத்துப்போகவில்லை. அதே கருவி 2023 முடிவதற்குள் அறுநூறு காமாக் கதிர் வெடிப்புகளைப் பதிந்துவிட்டது. ஒரே செயற்கைக்கோளில் புற ஊதாவிலிருந்து கடின எக்ஸ்-கதிர் வரை ஒரே நேரத்தில் பார்க்கும் அமைப்பு ஹபிளிலும் இல்லை, வெப்பிலும் இல்லை.

வெப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹபிளுக்கு வாரிசு வெப் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, ஹபிளின் வேலையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஊறிவிட்டது. வெப் பார்ப்பது சிவப்பு ஒளியிலிருந்து அகச்சிவப்பு வரை. புற ஊதா அதற்குத் தெரியவே தெரியாது. ஹபிளைப் பழுதுபார்க்க விண்வெளி வீரர்கள் கடைசியாகப் போனது 2009இல். அவர்களை ஏற்றிச் சென்ற ஷட்டில் வண்டிகள் 2011இல் ஓய்வு பெற்றன. 2024 ஜூன் முதல் ஹபிள் ஒற்றைச் சுழல்காட்டியில் ஓடுகிறது. கேலக்ஸ் 2013லேயே நின்றுவிட்டது. ஆயிரம் கோடி டாலர் வெப்புக்குப் பக்கத்தில் அதில் முந்நூறில் ஒரு பங்குகூட ஆகாத ஆஸ்ட்ரோசாட்டை வைத்துச் சிரிப்பவர்கள், வெப்பால் தொட முடியாத ஒளியில் உலகத்திடம் இப்போது எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒரு கை விரல் போதும்.

எதிர்த்தரப்பில் உண்மையிலேயே கனமான வாதம் ஒன்று உண்டு. அதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தரையில் உள்ள தொலைநோக்கியைப் பழுது பார்க்கலாம், புதுக் கருவி மாட்டலாம்; விண்ணில் போனது போனதுதான். ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியில் ஒரு பிரிவு 2018இல் நின்றுபோனது, யாரும் போய்த் திருப்புளி பிடிக்க முடியவில்லை. ஹபிளின் ஆடியே ஓரத்தில் இரண்டு மைக்ரான் சொச்சம் தவறாகத் தேய்த்தது; 1993இல் ஏழு பேர் போய்ச் சரிசெய்தார்கள், நமக்கு அந்த வசதி கிடையாது. காற்றின் கலக்கத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்தும் ஆடிகள் தரையில் வந்துவிட்டன, சிலியில் எழும் 39 மீட்டர் ஆடி அகச்சிவப்பில் வெப்பைவிடக் கூர்மையாகப் பார்க்கப் போகிறது. ஆகவே கூர்மைக்காக மட்டும் விண்ணுக்குப் போவது புத்திசாலித்தனமில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், தரைக்கு எட்டாத ஒளிக்குப் போக வேண்டும். ஐந்தாண்டு உழைக்கத் திட்டமிட்ட ஆஸ்ட்ரோசாட் பத்தாண்டைத் தாண்டியும் உழைத்திருக்கிறது. போனது போனதுதான் என்றாலும் போனது வீண் போகவில்லை.

விண்வெளிக்காக வாதாடுபவர்கள் வழக்கமாக எடுக்கும் இன்னொரு ஆயுதத்தை நான் எடுக்கவில்லை. சேலம் உருக்காலை கிரையோஜெனிக் எஞ்சினுக்கு எஃகு கொடுத்தது, கோவையின் எல்.எம்.டபிள்யூ. விண்வெளித் துறைக்குப் பாகம் செய்கிறது, ஆகவே விண்வெளியால் நமக்கும் வருமானம் என்பார்கள். உண்மைதான், நல்லதுதான். ஆனால் வருமானத்துக்காக ஒரு தொலைநோக்கியை நியாயப்படுத்தினால், அதைவிட அதிக வருமானம் வேறொன்றில் வரும் நாளில் தொலைநோக்கியை இறக்கிவிட வேண்டியிருக்கும். பேரண்டத்தின் மூட்டம் எப்படிக் கலைந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது பம்ப்செட் விற்பனையோடு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. சம்பந்தப்படுத்தவும் வேண்டாம்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்ட்ரோசாட்டுக்கு 2004இல் ஒப்புதல் கிடைத்தது, மேலே போக 2015 ஆனது. சூரியனைப் பார்க்கும் ஆதித்யா எல்-1 2023இலும், எக்ஸ்-கதிரின் அதிர்திசையை அளக்கும் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி முதல் நாளிலும் போயின. புற ஊதாவில் அடுத்தது எது? ஒரு மீட்டர் ஆடி கொண்ட ஒன்றை இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. பதினோரு ஆண்டு என்பது நம் வேகம் என்றால், ஹபிள் கண் மூடும்போது நாம் இன்னும் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்போம். “நமக்கெதற்கு” என்ற பேச்சு அந்தக் கோப்பின் மேல் வைக்கும் இன்னொரு கல்.

ஆனால் கோவையில் இருந்துகொண்டு தில்லியின் கோப்பை மட்டும் குறை சொல்வது சுலபம். ஆஸ்ட்ரோசாட்டின் தரவுக் களஞ்சியம் 2018இல் பொதுவுக்குத் திறந்தது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம், அலசுவதற்கான மென்பொருளும் இலவசம். கருந்துளையின் விளிம்பில் எக்ஸ்-கதிர் எப்படித் துடிக்கிறது என்று கணக்கிட ஒரு நல்ல லேப்டாப்பும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரும், ஆறு மாதமும் போதும். இந்த மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரி. நூறடி ரோட்டில் கடைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டை ரெடிமேடாக விற்கின்றன, மாணவர்கள் பணம் கொடுத்து வாங்கி அட்டை போட்டுச் சமர்ப்பிக்கிறார்கள். நம் வரிப்பணத்தில் போன கருவி எடுத்த, இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்காத பதிவுகள் பெங்களூருக்குப் பக்கத்தில் பையலாளு தரவு மையத்தில் கிடக்கின்றன. அதில் ஒன்றை இறக்கிக் கொடுத்து, “இதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லப்பா” என்று ஒரு மாணவனை உட்காரவைக்க எந்தத் துறைத்தலைவருக்கும் தில்லியின் அனுமதி தேவையில்லை.